அழித்துவிட்டதாக நினைத்த வரைபடம்

போன பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஊருக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கிக்கொண்டிருந்தேன். பஸ் வருகிற வழியாக இல்லை. சும்மா போனை நோண்டியபோது பழைய இணைப்பு ஒன்றில் விரல் பட்டது. 'பக்கம் இல்லை' என்றுதான் வந்திருக்க வேண்டும். வரைபடம் திறந்தது. நான் எப்போதோ கலைத்துவிட்ட வரைபடம்.

மழைக்காலத்தில் முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறியபோது, நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, இணையத்தில் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் அவசரமாகச் செய்த வரைபடம் அது. தனியாக இருக்கும் முதியவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீடெல்லாம் சிவப்புப் புள்ளிகள். புள்ளியைத் தொட்டால் எந்தத் தெரு, எந்த மாடி, மாற்றுச் சாவி எங்கே என்று வரும். படகில் போகிறவர்கள் கதவை உடைக்காமல் உள்ளே போக வேண்டுமே! கொட்டும் மழையில் யார் பாஸ்வேர்டு போடுவது என்று அதையும் எடுத்துவிட்டோம். சோதித்துப் பார்க்க வைத்திருந்த இடத்தையே ஊருக்குத் திறந்துவிட்டோம். எல்லாம் கன்டெய்னர் என்கிற தனித்தனி மென்பொருள் டப்பாக்களில் ஓடும். சர்வரே விழுந்தாலும் அவை தானாக எழுந்து ஓடும்படி வைத்திருந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் கலைக்கிற வேலையை நான்தான் முந்திக்கொண்டு வாங்கினேன். கன்டெய்னர்களை நிறுத்தினேன். பக்கம் வரவில்லை. குரூப்பில் 'க்ளீன்' என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குத் தாவிவிட்டேன். நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. இடையில் எப்போதோ பராமரிப்புக்காக சர்வர் அணைந்து எழுந்திருக்கிறது. நாங்கள் சொல்லிவைத்தபடியே அவையும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. எத்தனை நாளாக என்று தெரியாது.

சுற்றிலும் பார்த்தேன். எல்லார் கையிலும் போன். பண்டிகைக்குப் பாதி வீடு பூட்டியிருக்கும். அதைவிட, ஒரு புள்ளி கண்ணைவிட்டுப் போகவில்லை. நர்ஸ் அக்கா ஒருவரின் வீடு. அவர் டியூட்டிக்குப் போனால் எழுந்திருக்க முடியாத அம்மா மட்டும்தான் உள்ளே. 'சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே' என்று டைப் அடித்ததே நான்தான்.

பக்கத்து ரீசார்ஜ் கடை மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். கூட்டத்தில் நெட் நகரவே இல்லை.

"எல்லாரும் ஊருக்கு ஓடிகினு கீறாங்கோ, நீ இன்னாப்பா இங்க ஆபீஸ் தொறந்துகினு கீற?" என்றார் கடைக்கார அக்கா. என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "இந்தா, நம்ம வைஃபை போட்டுக்கோ. அழுவாத."

அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கன்டெய்னர்கள், அவற்றின் டேட்டா, பிரதிகள், கடைசியில் சர்வர். எல்லாவற்றையும் நீக்கினேன். நண்பனுக்கு போன் போட்டு, அவன் போனில் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"வரலடா மச்சான். ஆமா, யார் யார் உள்ள வந்தாங்கன்னு லாக் எடுத்து வச்சியா?"

எடுக்கவில்லை. அதுவும் சர்வரோடு போய்விட்டது.

நர்ஸ் அக்காவின் நம்பர் மட்டும் என் போனில் இருந்தது. அழைத்து விஷயத்தைச் சொன்னேன். "அம்மா தனியாத்தான் இருக்காங்க தம்பி" என்றார். லைன் கட்டானது. என் பஸ் வந்தது, போனது. போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வழியாக அடித்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க போய்ப் பார்த்தாங்க. அம்மா தூங்கறாங்க. சாவி அங்கயேதான் இருக்கு." அக்கா அடுத்துக் கேட்டார்: "மத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டியா?"

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. மற்றவர்களின் நம்பர்களெல்லாம் சர்வரோடு போய்விட்டதால், பழைய குரூப் மெசேஜ்களைத் தேடித் தேடி, முடிச்சூர் தெருக்களில் வாசல் வாசலாகச் சாவியை மாற்றி வைக்கச் சொல்லிக்கொண்டு போனேன். சிலர் திட்டினார்கள், சிலர் கரும்பு கொடுத்தார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தது. அந்த வாசலில் நின்றபோது சாவி எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்னும் யாருக்குத் தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

இப்போது எதைக் கலைத்தாலும் அடியோடு நீக்கி, இன்னொரு போனில் திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். வெறும் பக்கம் வந்தாலும், அந்தப் பூட்டிய வாசல் ஒருமுறை கண்முன் வந்துவிட்டுத்தான் போகிறது.