கிண்டலாகிப் போன வாழ்த்து மடல்

மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்ற ஆட்களுக்குப் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம்; முதலாளிக்குத் தமிழ் படிக்க மட்டும் வரும். அதனால் முதலாளி இங்குள்ள தமிழர் சங்கத்துக்குத் தலைவரானபோது, மேடையில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடலை எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு தடித்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன் ஓர் ஆங்கிலேயர் எழுதியதன் தமிழாக்கம். பழைய பேப்பர் கடையில் கிடைத்தது, அட்டை கிடையாது. முதல் சில அத்தியாயங்களில் அந்த ஆசிரியர் மேல் எனக்கு எரிச்சல்தான். பணக்காரன் எவன் வந்தாலும் பக்கம் பக்கமாகப் புகழ்கிறாரே, யாரிடம் சம்பளம் வாங்கினாரோ என்று நினைத்தேன். பிறகு ஒரு பண்ணையார் வந்தார். தன் குடியானவர்கள் எல்லோரையும் அவர் ஒரே மாதிரி நேசித்தாராம். ஏனென்றால் ஒருவர் முகமும் அவருக்கு அடையாளம் தெரியாதாம்.

படிப்பதை நிறுத்திவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். இப்போது ஒவ்வொரு புகழ்ச்சியும் வேறு முகம் காட்டியது. எப்படிச் செய்கிறார் இந்த மனுஷர்? திட்டுகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. வாக்கியம் மரியாதையாக, நீளமாக ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் படி இருக்கும் என்று நம்பிக் காலை வைத்தால், அது இல்லை. அவர் சிரிப்பதேயில்லை; நாம்தான் சிரிக்கிறோம். பள்ளுருத்திக்குப் போகும் பஸ்ஸில் அந்த வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.

மடலை எழுதி மனைவியிடம் வாசித்தேன். ‘உழைப்போர் துயர் துடைக்கும் உத்தமரே’ என்ற இடத்தில் அவள் வெடித்துச் சிரித்தாள்.

“போன கோடையிலேர்ந்து கிடங்குல ஓடாத ஃபேனுக்குக் கீழ நின்னு வேர்த்து வடியுறீங்க. உத்தமரு எந்தத் துயரைத் துடைச்சாராம்?”

எல்லா மடலிலும் இருக்கிற வரிதான் அது. நான் கிண்டலாக எழுதவில்லை. நிஜமாகவே எழுதவில்லையா என்று கேட்டால், அதற்கும் துணிந்து பதில் சொல்ல முடியவில்லை. இந்த வேலை போனால் இந்த வயதில் எங்கே போய் நிற்பது? அந்த வரியை அடித்துவிட்டு முதலாளியிடம் காட்டினேன்.

“எந்தாடா இது, இவ்வளவுதானா? மத்த தலைவருங்களுக்கு எப்படியெல்லாம் எழுதுறாங்க! தொழிலாளியப் பத்தி ஒண்ணுமே காணோம். போடுடா நல்லா!”

அடித்த வரி திரும்ப ஏறியது.

மேடையில் நானே வாசித்தேன். அந்த வரி வந்ததும், எங்கள் கிடங்கு ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் யாரோ இருமினார்கள். அடுத்தவர் தலையைக் குனிந்தார். பிறகு வரிசை முழுக்கக் குலுங்கியது. எனக்கு மிச்ச வரிகள் கண்ணுக்கே தெரியவில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். “அவனுங்க எதுக்குடா சிரிச்சானுங்க?”

“சந்தோஷத்துல, மொதலாளி.”

அவர் நம்பிய மாதிரி இல்லை. “சாயா குடிக்கறப்பல்லாம் ஒரு புஸ்தகத்தப் பார்த்துச் சிரிக்கிறியே, அதக் கொண்டா.”

கொடுத்தேன். பண்ணையார் வரும் இடம் எனக்குத் தெரியும். அடையாளத்துக்கு முதலாளி செருகி வைத்த மிளகு பில் நாளுக்கு நாள் அந்த இடத்தை நெருங்கியது.

ஒரு மத்தியானம் அவர் அறையிலிருந்து பெரிய சிரிப்பு. “டேய், இங்க வா! இந்த வெள்ளக்காரன் சரியான கள்ளன்டா!”

நான் போய் நின்றதும் சிரிப்பு நின்றது. எதிரே சுவரில் தொங்கிய மடலைப் பார்த்தார். வாசல் வழியாகக் கிடங்கின் ஃபேனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எலக்ட்ரீஷியன விளி” என்றார்.

“மடலைக் கழட்டிடவா, மொதலாளி?”

“எதுக்கு? ஃபேன் ஓடட்டும். ஒரு வரியாவது நெசமாகட்டும்.”

மற்ற வரிகள் சுவரில் அப்படியே தொங்குகின்றன. ஃபேன் ஓடுகிறது. புத்தகம் மட்டும் திரும்பி வரவில்லை. நேற்று அவர் மேஜையை எட்டிப் பார்த்தேன். மிளகு பில் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பியிருந்தது.