சித்தி வைத்த மூன்று கிளைகள்

2012ஆம் ஆண்டு சித்திரைப் புதுவருடம் ஒரு வெள்ளிக்கிழமை பிறந்தது. அதற்கு மறுவார ஞாயிறு சித்தியைப் பெண்பார்க்க வந்தார்கள். மெல்பேர்ணில் அது இலையுதிர்காலம். ரோவிலில் எங்கள் தெரு மேப்பிள் மரங்கள் சிவந்து பாதி கொட்டி முடித்திருந்தன. இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. புதுவருடம் பிறக்காமல் அவர்கள் வந்திருக்கமாட்டார்கள். இலை உதிராமல் அந்தக் கிளைகள் கிடைத்திருக்கமாட்டா.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். சனிக்கிழமைகளில் கிளென் வேவர்லியில் ஒரு மண்டபத்தில் இகெபானா, அதாவது ஜப்பானிய முறையில் பூ வைக்கும் கலை, பழகினார். அம்மாவுக்குச் சனியும் வேலை என்பதால் ஒன்பது வயதான நானும் கூடப் போவேன். தட்டையான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர். அதற்குள் ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் கனமான வட்டு. அதில் குத்தி நிறுத்திய கிளைகள். நெடியது வானம், அடுத்தது மனிதர், குட்டையானது பூமி. மிச்ச இடம் வெறுமையாக இருக்கவேண்டும். இந்தப் பருவத்தில் பூச்சி அரித்த இலையையும் காய்ந்த காயையும் மறைக்கக்கூடாது என்பது அந்த வகுப்பின் வழக்கம்.

அந்த வாரம் முழுவதும் சித்தி ஓரிடத்தில் இருக்கவில்லை. வேலையால் வந்ததும் கத்தரிக்கோலை எடுப்பார். குசினி மேசையில் வெட்டுவார், நிறுத்துவார், பிடுங்குவார். தேநீர் ஆறிக் கிடக்கும். அம்மாவிடம் ஏதோ சொல்லத் தொடங்கி, உப்பு எங்கே என்று கேட்டு முடிப்பார். அம்மாவோ, சித்திக்கு முப்பது வயதாகிவிட்டது, இது சரிவந்தால் ஆனியிலேயே கலியாணத்தை வைக்கலாம் என்று தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. நிலத்தில் கிடந்த தடிகளைக் கண்ட அப்பா, "இனிச் சமையல் விறகிலையோ?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஒருவழியாக மஞ்சள் செவ்வந்தி நிறைய வைத்து ஒன்று செய்தார். "இது லட்சணமாக் கிடக்கு. ஞாயிறு மட்டும் இதிலை கை வையாதை" என்றார் அம்மா.

ஞாயிறு காலை அம்மா வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தபோது சித்தி பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, பெடியன்ர அம்மா சகுனம் பாக்கிறவவோ?"

"நல்ல கேள்வி! தாய், தேப்பன், பெடியன் எண்டு மூண்டு பேரா வெளிக்கிட்டால் காரியம் சரிவராதாம். அதுக்காகப் பக்கத்து வீட்டு அங்கிளையும் ஏத்திக்கொண்டு வருகினம்."

"ஓ" என்றார் சித்தி.

பிறகு கத்தரிக்கோலோடு பின்வளவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் செவ்வந்தி குப்பை வாளிக்குப் போயிற்று. பாத்திரத்தில் நின்றவை மூன்றே கிளைகள்: இலை ஒன்றுகூட இல்லாத நெடியது, ஓட்டை விழுந்த இரண்டு இலைகளோடு ஒன்று, காய்ந்த காயோடு குட்டையாக ஒன்று. அவர் அதுவரை செய்தவற்றில் அதுதான் அழகு என்று எனக்குப் பட்டது.

அம்மா அதைக் கண்டது கார் வந்து நிற்கும்போதுதான். சித்தி அறையில் சேலை உடுத்துக்கொண்டிருந்தார். "ஐயோ, மூண்டு! அதுவும் பட்ட தடி!" அம்மா பின்வளவுக்கு ஓடி எலுமிச்சையில் ஒரு பச்சைக் கிளையை முறித்து வந்து நடுவில் குத்தினார். "நீ வாயைத் திறந்தியோ, தெரியும்!" என்று என்னை வெருட்டினார்.

வந்தவர்கள் வரவேற்பறையில் அந்தப் பாத்திரத்துக்கு எதிரே இருந்தார்கள். மாப்பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கைக்காக வந்த அங்கிள் வடை சாப்பிட்டார். நான் அந்த நான்காவது கிளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எவரும் அப்படி வைத்ததில்லை. சித்தி கண்டால் என்ன ஆகும்?

சித்தி தேநீர்த் தட்டோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு எலுமிச்சைக் கிளையை மெதுவாக உருவி வெறும் தட்டில் வைத்தார்.

"ஏன் பிள்ளை, அது வடிவாத்தானே நிண்டது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்லை அன்ரி. இதுக்கு மூண்டுதான்."

"மூண்டோ?"

"ஓம் அன்ரி. நான் எப்பவும் மூண்டுதான் வைக்கிறனான்."

அங்கிள் வடையை மெல்வதை நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா அந்த மொட்டைக் கிளையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். ராகுகாலம் தொடங்கமுன் வீடு போய்ச் சேரவேண்டும் என்றார்.

பொழுதுபடத் தொலைபேசி வந்தது. சாதகத்தை இன்னொருக்கால் காட்டவேண்டுமாம். அதன் பொருள் அம்மாவுக்குத் தெரியும். "உந்தத் தடியளாலைதான்!" என்று மூன்றையும் முறித்து வாளிக்குள் போட்டார். "விறகு எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் அப்பா.

சித்தி அழுதுகொண்டிருப்பார் என்று பயந்து தேடிப்போனேன். யன்னலோரக் கதிரையில், உடுத்த சேலையோடு, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்த நித்திரையில் இருந்தார். ஒரு வாரமாக எதையாவது வெட்டிக்கொண்டிருந்த கைகள் மடியில் சும்மா கிடந்தன. இவ்வளவு பெரிய கவலையில் மனிதருக்கு எப்படி நித்திரை வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பாவம் என்று நினைத்து, போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டேன்.