நான் அடைத்த பதினோரு ஓட்டைகள்

என் மடத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல் சுவரில், தண்ணீர் வடிவதற்காக விட்டிருந்த பதினோரு ஓட்டைகளையும் சாந்து பூசி அடைத்தவன் நான். மறுநாள் சுவருக்குக் கீழே கட்டிய புது வீடுகளின் திறப்பு விழா. போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமாம். அப்போது நான் சைட் சுப்பவைசர். பதவி பெரிது, தலையில் வைத்த தொப்பி அதைவிடப் பெரிது.

அந்தச் சுவருக்குப் பிளான் போட்டவர், போன மாதம் காலமான எங்கள் ஆர்க்கிடெக்ட் ஐயா. ஹட்டனில் ஆபீஸ். வெயில் நாளில் சைட் பார்க்க வரவேமாட்டார். அடைமழையில் குடையோடு வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அரை நாள் நின்று பார்ப்பார். பிறகுதான் பென்சிலை எடுப்பார்.

"வெயில்ல எல்லா எடமும் நல்ல எடந்தான்யா" என்பார். நான் அட்டைக் கடிக்குப் பயந்து லொறிக்குள்ளேயே இருப்பேன்.

விழா முடிந்து மூன்றாம் வாரம் விடாத மழை. சுவருக்குக் கீழ் வீட்டு லெச்சுமியக்கா போன் பண்ணினார். லயத்து ஒற்றை அறையை விட்டு முதன்முதலாகத் தனி வீட்டுக்கு வந்த குடும்பம். கட்டும்போது கூடமாட வேலையும் செய்தவர்கள்.

"தம்பி, சொவரு மாசமா இருக்கிற மாதிரி வயிறு தள்ளிக்கிட்டு நிக்குதுங்க!"

ஐயாவும் நானும் ஓடினோம். முதலில் ஐயா அக்கா குடும்பத்தைப் பத்திரமாகக் கோயிலுக்கு அனுப்பினார். பிறகு சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அலவாங்குக் கம்பியைக் கையில் எடுத்தார். ஒதுங்கி நின்று பூச்சைக் குத்தினார். முதல் ஓட்டையிலிருந்து பீய்ச்சிய செம்மண் தண்ணீர் நேராக என் வாயில் விழுந்தது. தண்ணீருக்கும் நியாயம் தெரியும் போல. பதினொன்றும் திறந்த பிறகு சுவர் தப்பியது, வீடும் தப்பியது.

அதற்குள் தோட்டத்து மனேஜர் துரை வந்துவிட்டார்.

"யாரு செஞ்ச வேல இது? அந்த ஆள இன்னைக்கே வேலைய வுட்டு நிப்பாட்டணும்."

எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். வாயில் இன்னும் மண்.

"எம் பெழதாங்க. பிளான்ல நான் தெளிவா காட்டல" என்றார் ஐயா.

பிளானில் பதினோரு ஓட்டையும் சிவப்பு மையில் இருந்தன. அந்தத் தோட்டத்தில் அடுத்த வேலை ஐயாவுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"தண்ணிக்கு வழி வுட்டாப் போதும்யா. அது ஒன்னும் செய்யாது."

அன்றிலிருந்து மழை பெய்தால் லொறியை விட்டு முதலில் இறங்குபவன் நான்தான். என் தொழிலில் நான் உருப்படியாகப் படித்தது அது ஒன்றுதான்.

சாவு வீட்டில் ஐயா கட்டிய வீடுகளைப் பற்றியே பேச்சு. "அந்த ஒரு சொவருலதான் ஐயா கோட்ட விட்டுட்டாரு" என்றார் ஒருவர். என் வாயில் அந்தச் செம்மண் மறுபடி கரித்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா இல்லீங்க. ஓட்டைய அடைச்சது நான்."

பக்கத்தில் இருந்த லெச்சுமியக்காவிடம் குனிந்து, "இம்புட்டு நாளா ஒங்ககிட்டயும் மறைச்சிட்டேன்க்கா" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாந்துக்குத் தண்ணி மொண்டு குடுத்ததே நான்தானே, தம்பி."