சம்பந்தியோடு ஓர் ஆவிக்குளியல்

என் மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டம்மா எனக்குத் தானாக முதன்முதலில் போன் செய்தது, ஸ்பாவுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்று கேட்கத்தான். பெண் கொடுத்த என்று வழக்கத்துக்காக எழுதுகிறேன். அவர்கள் கொடுக்கவில்லை. அந்தப் பெண்தான் வந்தாள். மன்னார்குடிப் பக்கம் மிராசு வீடு அவளுடையது. நான் அதே ஆற்றுப் பாசனத்தில் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்து, நர்ஸ் படிப்புப் படித்து, தஞ்சாவூரில் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்தது. பெண் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பேரன் பிறந்த பிறகு சம்பந்தியம்மா மட்டும் வரப்போக இருந்தார். பார்த்தால் சிரிப்பார். "சௌக்கியமா?" என்பார். "சௌக்கியம்தாங்க" என்பேன். எங்கள் பேச்சு அதோடு தீர்ந்துவிடும்.

பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார்கள். அங்கிருந்து புறப்படுகிற பெரிய சொகுசுக் கப்பலில் இரண்டு அம்மாக்களையும் கூட்டிப்போவது என்று அவர்களாகவே முடிவு செய்து, கப்பலுக்குள் இருக்கிற ஸ்பாவில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு மதியம் பதிந்தும் வைத்துவிட்டார்கள். சம்பந்தியின் கணவர், "தண்ணி மேல எனக்கு என்ன வேலை?" என்று ஊரிலேயே இருந்துகொண்டார்.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

"சம்மந்தி, நான்தான் பேசுறேன். பொண்ணு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாளே, நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேங்க."

"நகையெல்லாம் கழட்டிடணும், லூசான துணி உடுத்திக்கிட்டு வரணும், சாப்பாடு வயிறு முட்டச் சாப்பிடக் கூடாதுங்குறா. அதெல்லாம் சரி. அங்க போனா காகிதத்துல ஜட்டி குடுப்பாங்களாமே?"

"ஆமாங்க, சொன்னா."

"காகிதத்துலயா? நனைஞ்சா என்னாவும் சம்மந்தி?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மிராசு வீட்டு அம்மாவிடம் சிரிக்கலாமா என்று ஒரு கணம் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. அந்தப் பக்கமும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நோட்டுக் காகிதம் இல்லீங்க. ஆபரேஷன் தியேட்டர்ல தலைக்குத் தொப்பி போடுவோம்ல, அந்த ரகம். துணி மாதிரியே இருக்கும்" என்று சொன்னேன்.

"நர்ஸம்மா சொன்னா சரி" என்றார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "நைட்டி எடுக்கணும். நான் நைட்டியே போட்டதில்ல. கடைக்கு நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டார்.

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ஜவுளிக்கடையில் சந்தித்தோம். கப்பலுக்குப் போகிறோம் என்றதும் கடைப்பெண், முழுக்கையும் முழுக்காலும் மூடிய நீச்சல் உடை ஒன்றை எடுத்து விரித்தாள். சம்பந்தி அதைத் தன் மேல் வைத்து நிலைக்கண்ணாடியில் பார்த்தார். "மீன் தோலு மாதிரில்ல இருக்கு!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கறுப்பில் பூப்போட்ட நைட்டி இரண்டு எடுத்துக்கொண்டார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. நான் வேண்டாம் என்றதற்கு, "தனியா நான் மட்டும் பூதம் மாதிரி நிக்கவா?" என்று என் பையிலேயே திணித்துவிட்டார்.

கப்பலைப் பற்றிச் சொல்ல எனக்கு உவமை கிடையாது. கடலில் ஒரு பேட்டை மிதந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பா அதன் மேல்மாடிகளில் ஒன்றில், மூக்குப் பகுதியில் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெறும் கடல். எலுமிச்சைப் புல் வாசனை. எல்லோரும் கோயில் பிராகாரத்தில் நடப்பதைப்போல அடியெடுத்து வைத்தார்கள். பேச்சும் கிசுகிசுதான். மருமகள் எங்களை வாசலில் விட்டுவிட்டு, "அம்மா, அத்தை, பயப்படாதீங்க, எதுவும் வலிச்சா உடனே சொல்லுங்க" என்று ஊசி போடக் கொண்டுவந்த குழந்தைகளிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

உடை மாற்றுகிற அறையில் எங்கள் இருவருக்கும் துவாலைத் துணியில் தைத்த வெள்ளை அங்கி, ரப்பர் செருப்பு, பொட்டலமாக அந்தக் காகித உள்ளாடை, எல்லாம் தயாராக இருந்தன. முதலில் ஆவிக்குளியல், பிறகு மசாஜ் என்று இந்தோனேசியப் பெண் ஒருத்தி சிரித்த முகமாக ஆங்கிலத்தில் விளக்கினாள். உலோகம் சூடேறிச் சுட்டுவிடும், கழுத்தில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள் என்றாள். சம்பந்தி வளையலைக் கழற்றினார். தோட்டைக் கழற்றினார். தாலிக்கொடி மேல் கை போனது, அங்கேயே நின்றுவிட்டது.

"அவர் ஊர்ல தனியா இருக்காரு" என்றார். முகம் சின்னப்பெண் முகமாக ஆகிவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனையோ பெண்களிடம் இந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். கெஞ்சியும் இருக்கிறேன், அதட்டியும் இருக்கிறேன். இவரிடம் எது செல்லும் என்று தெரியவில்லை. கைத்துண்டு ஒன்றைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்தேன். "கழட்ட வேணாம். கொஞ்சம் தலைய நிமிருங்க" என்று, கொடி தோலில் படாதபடி துணியை அதைச் சுற்றி மடித்து, காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோலப் பதமாகச் செருகிவிட்டேன். "சூடு ஏறுனா சொல்லுங்க, மறுபடி நனைச்சுக்கலாம்."

இத்தனை வருஷத்தில் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அப்போது கை வேலையில் இருந்தது.

ஆவி அறைக்குள் நாங்கள் இருவர் மட்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாத அளவுக்குப் புகை. கல் திண்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பேர் மேலும் ஒரே மாதிரி வெள்ளைத் துவாலை, காலில் ஒரே மாதிரி ரப்பர் செருப்பு.

"நெல்லு அவிக்கிற அண்டாவுக்குப் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு. வாசனைதான் இல்ல" என்றார் சம்பந்தி.

"எங்கம்மாவுக்கு அதான் வேலைங்க, அறுப்பு முடிஞ்சா."

"எந்தப் பண்ணையில?"

சொன்னேன். அவர்கள் பண்ணை இல்லை. ஆனால் ஒரே வாய்க்காலில் அதற்கு அடுத்த மடை. பிறகு அவர் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற பொம்பளைங்க முழங்காலுக்கு மேலதான் சேலை கட்டியிருப்பாங்க. ரவிக்கை இருக்காது. அது அவங்க வழக்கம்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன் சம்மந்தி. சின்ன வயசு. உங்கம்மாவும் அப்பிடித்தானா?"

"அப்பிடித்தாங்க. வழக்கம் இல்ல. எறக்கிக் கட்டுனா அடி விழும்."

எங்கள் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் அம்மா முதல் ரவிக்கையைத் தைத்தது. சிவப்புச் சீட்டித் துணி. அதைப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போன அன்று வரப்பில் நின்ற கணக்குப்பிள்ளை கண்டபடி பேசினாராம். அம்மா நிமிராமல் நட்டுக்கொண்டே, "வெயிலு உறைக்குது, அதான்" என்றதாம். நடவாட்கள் மொத்தப்பேரும் சிரித்துவிட்டார்களாம். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் ரவிக்கையோடு வந்தார்கள். இதைச் சொன்னபோது சம்பந்தியும் சிரித்தார்.

"நல்ல ஆளு உங்கம்மா. எங்க கதை வேற. நான் வயசுக்கு வந்ததுலேர்ந்து ஆத்துல கால் நனைச்சதில்ல. பின்கட்டுல ஓலைத் தட்டி மறைப்பு. அதுக்குள்ளயும் பாவாடைய மாருக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுத்தான் குளிக்கணும். யாரு பாக்கப்போறா? காக்காதான். அதுக்கும் அத்தை வெளியில காவல் நிப்பாங்க."

"நீங்க மூடணும், நாங்க மூடக் கூடாது" என்றேன்.

"ரெண்டையும் சொன்னது ஒரே ஆளுதான்" என்றார் அவர், கழுத்துத் துண்டைக் குழாயில் நனைத்துக்கொண்டே.

கூலி உயர்வு கேட்டு எங்கள் ஆட்கள் அறுப்பை நிறுத்திய அந்த வருஷத்தைப் பற்றியும் அவரே எடுத்தார். கதிர் தலை சாய்ந்து நின்றது, வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், போலீஸ் வந்து சம்பந்தி வீட்டுக் களத்திலேயே கூடாரம் போட்டது. எல்லோருக்கும் சோறாக்கியது அவரும் அவர் அம்மாவும். "ஜன்னலைத் திறக்க விடமாட்டாங்க. உங்காளுங்க எந்நேரமும் வருவாங்க, வெட்டுவாங்கன்னு பயங்காட்டுவாங்க. நீங்க அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"நண்டு புடிச்சுக்கிட்டிருந்தோம்" என்றேன்.

உண்மை அதுதான். வேலை இல்லை, நெல் இல்லை. பெரியவர்களுக்குக் கவலை, ஒரு தெருவுக்கே ஒரு உலையில் கஞ்சி. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் வைத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் எங்களுக்கு வாய்க்கால் பூராவும் சொந்தம். வளைக்குள் கைவிட்டு நண்டெடுத்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடிப்போம்.

"வயல் நண்டா?" சம்பந்தி சட்டென்று என் பக்கம் திரும்பியது புகையிலும் தெரிந்தது. "ஐயோ சம்மந்தி! எங்களுது சைவ வீடு. முட்டை ஓடு கூட உள்ள வரக் கூடாது. எங்க மாட்டுக்கொட்டாய் கூட்ட வர்ற அக்கா ஒண்ணு, வேலிக்கு அந்தாண்ட சட்டியோட நிக்கும். நான் துளசிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு போயி, ரெண்டு காலை வாங்கிக் கடிச்சு உறிஞ்சிட்டு வாய் கொப்பளிச்சுட்டு வந்துருவேன். இன்னிக்கி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த இந்தோனேசியப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மயங்கிவிட்டோமோ என்று பயந்தாளாம்.

மசாஜ் அறையில் இரண்டு கட்டில்கள், பிடித்துவிட ஆளுக்கொரு பெண். படுப்பதற்கு முன்னால் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் பூவிதழ் போட்டு, என் முன்னால் அந்த இந்தோனேசியப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என் காலைக் கையில் எடுத்தாள். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எத்தனை பேர் காலைக் கழுவியிருப்பேன், எத்தனை புண்ணைத் துடைத்திருப்பேன். என் காலை யாரும் எடுத்ததில்லை. அம்மாவின் கால் நினைவுக்கு வந்தது. நடவு மாதங்களில் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெந்து கிடக்கும், சாயங்காலம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தானே தடவிக்கொள்ளும்.

"வேண்டாம்மா, நானே கழுவிக்கிறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து சம்பந்தி, "வைங்க சம்மந்தி. சும்மா வைங்க. அந்தப் பொண்ணு முழிக்குது பாருங்க" என்றார். தன் காலைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வைத்தேன். வெதுவெதுப்பு கெண்டைக்கால் வரை ஏறியது. நல்லாத்தான் இருந்தது.

எவ்வளவு அழுத்த வேண்டும், மெதுவாகவா, நடுத்தரமா, பலமாகவா என்று கேட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். "சப்பாத்திக்கு மாவு பெசையிற மாதிரின்னு சொல்லுங்க" என்றார் சம்பந்தி. அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. பலமாக என்று மட்டும் சொன்னேன். எண்ணெய் இளஞ்சூட்டில் இருந்தது. முதுகில் கை ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் குறட்டை. இடையில் புரண்டு படுக்கச் சொன்னபோது மட்டும் அவர் விழித்தார். ஏதோ 'டர்'ரென்றது. "கிழிஞ்சிடுச்சு சம்மந்தி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, துவாலையை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார். சிரிப்பை அடக்கியதில் என் வயிறு குலுங்கியது. என் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் நிறுத்தி, தானும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

வெளியே வந்தபோது மகனும் மருமகளும் பேரனோடு காத்திருந்தார்கள். சம்பந்தி அங்கியோடேயே இஞ்சி டீ குடித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். மருமகள் தன் அம்மாவை அந்தக் கோலத்தில் ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடி பாக்குற? சேலையை விட இதுல காத்து வருது" என்றார் அவர்.

மறுநாள் காலையில் என் அறைக் கதவு தட்டப்பட்டது. சம்பந்தி பூப்போட்ட நைட்டியில் நின்றார். ஆவிக்குளியலுக்கு மட்டும் இன்னொரு தடவை போகலாமாம், கேட்டு வைத்திருக்கிறார். "பசங்க தூங்கட்டும். நீங்க வாங்க." எனக்கும் எடுத்துக் கொடுத்த நைட்டி இருந்தது. மாட்டிக்கொண்டு போனேன்.

இந்தத் தடவை அறைக்குள் நீச்சல் உடையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து, நீங்கள் அக்கா தங்கையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். சம்பந்தி என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்குள் சம்பந்தியே முன்வந்து, என்னையும் தன்னையும் விரலால் மாற்றி மாற்றிக் காட்டி, "ஹெர் சன். மை டாட்டர். மேரேஜ்" என்றார், ஒவ்வொரு சொல்லாக.

பாட்டிக்குக் கல்யாணம் நேற்றுத்தான் முடிந்தது என்று தோன்றியிருக்க வேண்டும். முகம் மலர்ந்து எழுந்து வந்து, "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கல்யாணத்துக்காக இதற்கு முன்னால் சம்பந்தியை ஒருவரும் வாழ்த்தியதில்லை. அவர் திருத்தவில்லை. வியர்வையோடு வியர்வையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்யூ. தேங்க்யூ" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு பாட்டிக்கு இடம் விட்டு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.