அக்காவின் தூக்கு ஜன்னலுக்கு ஒரு கயிறு

கிள்ளானில் என் அக்கா வியாபாரம் செய்வது ஒரு ஜன்னல் வழியாக. காலை ஆறரைக்கு அதன் கீழ்ப்பாதியை மேலே தள்ளிவிடுவாள். உள்ளே மேசையில் இடியாப்பம், தேங்காய்ப்பூ, சீனி. வெளியே நடைபாதையில் ஆட்கள். பொட்டலம் வெளியே போகும், கை உள்ளே வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போய்வரும்.

நம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் என்றால் வெளியே திறக்கும், இல்லை கண்ணாடிப் பட்டைகளாக மடங்கும். இது மட்டும் மேலும் கீழுமாக ஓடும். அக்காவின் கணவர், காலஞ்சென்ற மாமா, இந்தப் பழைய வீட்டை வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது. நாற்பது வருடமாக ஏற்றி இறக்கியிருக்கிறோம். எது அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை அது விழுந்தது. அக்கா கையை எடுத்த அடுத்த நொடி. கண்ணாடி உடையவில்லை, அவளுடைய தைரியம்தான் உடைந்தது. மறுநாள் ஒரு விறகுக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்தாள். ஆனால் வாங்க வந்தவர்கள் கையை நீட்டவில்லை. "அங்கேயே வைங்க ஆன்டி, நான் சுத்தி வாசல் பக்கம் வரேன்" என்றார்கள். சுற்றி வந்தவர்கள் பாதி, வராதவர்கள் பாதி.

புதன்கிழமை எனக்குப் போன் செய்தாள். "அலுமினிய ஆளைக் கூப்பிட்டுட்டேன்டா. அடுத்த வாரம் சனிக்கிழமை அளக்க வரானாம். பக்கவாட்டுல தள்ளுற ஜன்னல், கம்பியோட."

"கம்பிக்குள்ள பொட்டலம் எப்படிக்கா போகும்?"

"திறந்து வச்சா விழுது, மூடி வச்சா வியாபாரம் விழுது. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் அவள் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள் என்று உறைத்தது. நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

ஜன்னல் சட்டத்தின் பக்கவாட்டில், பெயிண்டுக்கு அடியில், ஒரு முழ நீளத்துக்குத் தனிப் பலகை ஒன்று தெரிந்தது. அதை நெம்பி எடுத்தேன். உள்ளே இருட்டுப் பொந்து. கையை விட்டால் குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்பட்டது. உருளை உருளையான இரும்பு! கீழ்ப்பாதிக்குப் பக்கத்துக்கு ஒன்று, மேல்பாதிக்கும் அதே மாதிரி. மேலே சின்னக் கப்பி, அதன் மேல் ஓடும் கயிறு, ஒரு முனையில் ஜன்னல், மறுமுனையில் இந்த இரும்பு. தராசுதான். சுவருக்குள் ஒளித்து வைத்த தராசு. இடப்பக்கக் கயிறு எப்போதோ அறுந்து தூசி படிந்து கிடந்தது. வலப்பக்கம் தனியாளாக இழுத்து இழுத்து அந்தத் திங்கட்கிழமை கைவிட்டிருக்கிறது.

"எத்தனை நாளா ஒத்தைக் கயித்துலயா நின்னுச்சு?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னை மாதிரிதான்."

பக்கத்துச் சாமான்கடைக்குப் போய் நைலான் கயிறு கேட்டேன். வழவழவென்று வெள்ளையாக, லோரியைக் கட்டி இழுக்கலாம் போலிருந்தது. கடைக்காரர், "எதுக்கு அண்ணே?" என்றார். ஜன்னலுக்கு என்றேன். அவர் திரை மாட்ட என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஜன்னலை முழுக்க ஏற்றினால் ஒரு சாண் தானாக இறங்கி வந்து நின்றது. கயிறு நீண்டுவிட்டது, இரும்பு அடியில் தட்டி உட்கார்ந்துவிட, மேலே பிடிக்க ஆளில்லை. முடிச்சும் வழுக்கிக்கொண்டிருந்தது.

மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை பழைய கயிற்றுத் துண்டையும், சுவரிலிருந்து எடுத்த இரும்பையும் மேசையில் வைத்தேன். கடைக்காரர் இரும்பைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"கயிறு வாங்க வரவன் நீளம் மட்டும் சொல்வான் அண்ணே. என்னத்தைத் தொங்கவிடப் போறான்னு சொல்லவே மாட்டான்."

"தெரிஞ்சாதானே பாஸ் சொல்றதுக்கு!"

அதன் பிறகு அரை மணி நேரம் கயிறுகளைப் பற்றியே பேசினோம். இத்தனை வகை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முறுக்கின கயிறு கூடாதாம்; எடை தொங்கினால் முறுக்கு பிரிந்து இரும்பு பம்பரம் போலச் சுற்றுமாம். கம்பி நிற்கும், ஆனால் கப்பியை அரைத்துவிடும். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொரிந்துவிடும். கடைசியில் அவர் எடுத்து நீட்டியது பருத்தியில் பின்னிய கயிறு, பென்சில் கனம். பழைய துண்டோடு வைத்துப் பார்த்தோம். அதே கனம், கப்பியின் பள்ளத்துக்கு அளவெடுத்த மாதிரி.

வீட்டுக்கு வந்து அளந்தேன், நறுக்கினேன், நான்கு துண்டு. மேல்பாதிக்கும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று எண்ணம். கை கழுவிவிட்டு வருவதற்குள் நான்கும் மஞ்சள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

"என்னக்கா இது?"

"புதுக் கயிறுடா. மஞ்சள் படாம வீட்டுல கட்டலாமா?"

அது ஒரு தவறு என்று அப்போது எனக்கும் தெரியவில்லை. வெயிலில் காயவைத்து, மாலையில் மாட்டினோம். மஞ்சள் கயிற்றில் ஜன்னல் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இறக்கினேன். நான்கு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. அழுத்தினாலும் இறங்கவில்லை. கயிறு சுருங்கி, இரும்பு மேலே கப்பியில் போய் முட்டிக்கொண்டது. அன்று இரவு அடித்த மழையில் மேசை நனைந்து, இடியாப்ப மாவும் போயிற்று.

காலையில் கத்தினேன். "அளந்து வச்ச கயித்தை யாராவது நனைப்பாங்களா?"

அக்கா திருப்பிக் கத்தினாள். "அளக்கறதுக்கு முன்னாடி யாராவது நனைக்காம இருப்பாங்களா? பிளவுஸ் துணியை ஊற வச்சுக் காய வச்சுட்டுத்தான்டா வெட்டணும். தைக்கிறவளுக்குத் தெரியும், உனக்கு எங்க தெரியும்? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு!"

அவள் சொன்னது சரி. கிள்ளானின் ஈரக் காற்றில் அந்தக் கயிறு என்றைக்காவது சுருங்கத்தான் போகிறது. அது வெட்டுவதற்கு முன்னாலேயே சுருங்கட்டுமே!

மூன்றாவது தடவை கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே சுருளை எடுத்தார். இந்த முறை முழுக் கயிற்றையும் மஞ்சளில் ஊறவைத்து, கார் நிறுத்தும் இடத்து உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழ்முனையில் இரும்பைக் கட்டினோம். சுருங்குவதும் நீள்வதும் எல்லாம் அங்கேயே நடந்து முடியட்டும் என்று இரண்டு நாள் விட்டோம். வெள்ளிக்கிழமை மாலைதான் அளந்து வெட்டி மாட்டினேன். ஏற்றினேன், நின்றது. பாதியில் விட்டேன், பாதியில் நின்றது. முழுக்க இறக்கினேன், சட்டத்தில் உட்கார்ந்தது. ஒரு விரலால் ஏற்றலாம் போலிருந்தது. பத்துத் தடவையாவது சும்மா ஏற்றி இறக்கியிருப்பேன். போதும் என்று அக்கா அதட்டினாள்.

சனிக்கிழமை காலை விறகுக்கட்டை இல்லாமல் ஜன்னல் திறந்தது. வெளியே நான்கைந்து பேர். ஒருவரும் கிட்டே வரவில்லை. தினமும் வரும் லோரி டிரைவர் ஒருவர் தள்ளி நின்றுகொண்டு, "அக்கா, மொதல்ல நீங்க தலையை விட்டுக் காட்டுங்க லா. அப்புறம் நாங்க கையை விடுறோம்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, தலை, தோள், இடுப்புவரை வெளியே சாய்த்து, தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் நிதானமாகப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் என் இரண்டு கைகளும் சட்டத்துக்கு அடியில் தயாராக இருந்தது அவளுக்குத் தெரியாது. ஜன்னல் அசையவில்லை.

"பார்த்தாச்சா? யாருக்கு எத்தனை?"

கைகள் வந்தன. டிரைவருக்கு மட்டும், "உனக்குக் கடைசிலதான்" என்றாள்.

ஒன்பது மணிக்கு அலுமினிய ஆள் வந்தார். கையில் அளவு நாடா. அக்கா ஒரு பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள். அவரும் யோசிக்காமல் முழங்கையை ஜன்னலின் அடிச்சட்டத்தில் ஊன்றிச் சாய்ந்து வாங்கிக்கொண்டார். அங்கேயே பிரித்துத் தின்றார். பாதி தின்றபிறகுதான் தலைக்கு மேல், முட்டு இல்லாமல் நின்ற ஜன்னலைப் பார்த்தார்.

"ஆன்டி, அப்ப நான் எதை அளக்கறது?"

"பின்னால குளியலறைக் கதவு ஆடுது. அதை அளந்துக்கோ."