ஜோவிதா எழுதிய கணவர்

கோவை கணபதியில் அமிர்தராஜ் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ‘ஊட்டுக்காரர் பட்டறை’ என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சின்னப் பட்டறை அது. அந்தப் பெயர் அவர் வைத்ததில்லை. அவருடைய மனைவி ஜோவிதா ஒரு வாரப் பத்திரிகையில் தன் வீட்டுக்காரரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிய ‘எங்க ஊட்டுக்காரர்’ தொடரால் ஒட்டிக்கொண்டது.

ஜோவிதா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தார். மதியம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, அதன் மேலேயே தாளை வைத்து எழுதுவார். தொடரில் வரும் கணவருக்கு வாய் ஓயாது. குளிக்கும்போது பாட்டு. சினிமாவில் கதாநாயகி அழுவதற்கு முன்பே அழுதுவிடுவார். மனைவி முகம் வாடினால், “கெளம்பு கண்ணு, ஊட்டிக்குப் போலாம்” என்று ஸ்கூட்டரை எடுப்பார். வாரம் தவறாமல் படித்துச் சிரித்த பெண்கள், தங்கள் கணவர்களுக்கும் வாசித்துக் காட்டினார்கள்.

நிஜமான அமிர்தராஜ் பாடியதில்லை. சினிமாவுக்குப் போனால் தூங்கிவிடுவார். வீட்டில் அவர் அதிகமாகப் பேசியது, “கரண்ட் வந்துடுச்சா?” என்பதாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் அவருக்கும் பெருமைதான். பத்திரிகையைப் பட்டறை மேசையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போட்டு வைப்பார். ஒரு நாள் காங்கேயத்திலிருந்து மோட்டார் கொண்டுவந்த ஒரு பெண், “ஏனுங்க, நீங்கதான் அவுங்களாங்க? அந்த அம்மணி குடுத்து வெச்சவங்க” என்று சொல்லிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது தெரிந்தது.

“வியாழக்கிழமை வந்து எடுத்துக்கங்க” என்றார் அமிர்தராஜ்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அமிர்தராஜுக்குப் பத்திரிகையில் இருக்கிற அந்த ஆளை முதல்முறையாகப் பிடிக்காமல் போனது. மனதுக்குள் அவனை ‘அவன்’ என்றே சொல்லத் தொடங்கினார்.

இப்படி ஒருத்தன் இல்லாமலா இவள் எழுதுகிறாள் என்ற சந்தேகமும் வந்தது. ஜோவிதாவின் ஆபீசில் கிருபாசங்கர் என்று ஒருவர் இருந்தார். விழா என்றால் மைக்கைப் பிடித்துப் பாடுவார் என்று ஜோவிதா சொல்லியிருந்தார். ஆபீசில் யாரோ ஓய்வு பெற்ற விருந்துக்கு, கூப்பிடாமலே அமிர்தராஜும் கூடப் போனார். கிருபாசங்கர் பாடினார். பிறகு இவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உங்களால எங்க ஊட்டுல தெனமும் சண்டைங்க. அவரப் பாத்துக் கத்துக்கங்கன்னு என் சம்சாரம் உசுர எடுக்கறா. கொஞ்சம் கொறச்சுக்கங்க சார்.”

வீட்டுக்கு வந்ததும் அமிர்தராஜ் நேராகவே கேட்டுவிட்டார். “அவன் யாரு?”

ஜோவிதா புடவை மடித்துக்கொண்டிருந்தார். யாரைச் சொல்கிறார் என்று புரிந்ததும் கை நின்றது.

“யாருமில்லீங்க. எனக்கு வேணும்னு நானே செஞ்சுகிட்டது.”

வேறொரு ஆளின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பெயர் இருந்தால் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். அன்றிலிருந்து அமிர்தராஜ் அந்தத் தொடரைப் படிப்பதை விட்டுவிட்டார். பட்டறை மேசையிலும் பத்திரிகை கிடக்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் விடவில்லை. “போன வாரம் நீங்க கிளிக்குப் பேசப் பழக்குனீங்களாமே” என்பார்கள். அவனுடைய கிளியைப் பற்றி இவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

போன வருடம் ஜோவிதாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்ஷிதா ஊசி போட வந்தபோது, நோயாளியை விட்டுவிட்டு அமிர்தராஜோடுதான் செல்ஃபி எடுத்துக்கொண்டாள். ஜோவிதா சிரித்தார். கை நடுங்கிப் பேனா பிடிக்க முடியாமல் போனதும், “நான் சொல்றன், நீங்க எழுதிக்கங்க” என்று தாளை அவரிடம் நீட்டினார்.

அமிர்தராஜ் எழுத உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியில எனக்கு ஊட்டுக்காரர்தான் தல சீவி உடறாரு…”

அவர் பேனாவை நிறுத்தினார். “நானெங்க சீவுனேன்?”

“அவரு சீவுனாருங்க. எழுதுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். அவன் செய்த நல்ல காரியத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. பத்தி முடிந்ததும் பேனாவை மூடிவிட்டு, அலமாரியில் இருந்த சீப்பை எடுத்தார். மோட்டார் கம்பி சுற்றிப் பழகிய விரல்களுக்கு முடி பிடிபடவில்லை.

“வலிக்குதுங்க, மெதுவா” என்று ஜோவிதா கண்களை மூடிக்கொண்டார்.

மறுநாளும் சீவினார். ஜோவிதா இருந்தவரைக்கும் சீவினார். அதெல்லாம் தொடரில் வரவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, பத்திரிகை ஆசிரியர் நந்திதா அவர்களுடைய சர்ச் மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார். சென்னிமலை, பல்லடம், ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ வாசகிகள் வந்ததில் உட்கார இடமில்லை. பேசியவர்களில் பாதிப் பேர் ஜோவிதாவைப் பற்றிப் பேசவே இல்லை. ஊட்டுக்காரரின் பாட்டையும் கிளியையும் சொல்லி அழுதார்கள். கடைசியில் அமிர்தராஜை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

“அது நானில்லீங்க” என்றார்.

மண்டபமே சிரித்தது.

“நெசமாத்தானுங்க. நான் பாடுனதே இல்லீங்க.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அவர் அப்படியே நின்றார். சிரிப்பு தானாக ஓய்ந்தது.

“அவனப் பத்தி உங்களுக்கு எல்லாமே தெரியும். ஜோவிதா எப்படி இருந்தாள்னு எனக்குத்தானுங்க தெரியும். அத நான் உங்களுக்குத் தர மாட்டனுங்க.”

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். யாரும் கைதட்டவில்லை.

வாசலில், பல்லடத்திலிருந்து வந்திருந்த வெங்கடலட்சுமி என்ற வயதான வாசகி வழியை மறித்துக்கொண்டார். பக்கத்தில் நந்திதாவும் நின்றிருந்தார்.

“அண்ணா, இத்தன வருசம் படிச்சிருக்கறன். ஒன்னே ஒன்னு சொல்லுங்கண்ணா, போதும்.”

அந்த அம்மாவின் கண்களைப் பார்த்து அமிர்தராஜுக்கு மனம் இளகிவிட்டது. “கோவம் வந்துச்சுன்னா டெலிபோன் ஆபீஸ் இங்கிலீஷுல பேசுவாளுங்க. ‘ப்ளீஸ் ஹோல்ட் த லைன்’னு சொல்லிப்போட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்குவா.”

வெங்கடலட்சுமி வாய்விட்டுச் சிரித்தார். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம், ஏன்தான் சொன்னோமோ என்று அமிர்தராஜுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வார இதழில் அது கட்டம் கட்டி வந்திருந்தது. கீழே, ‘நினைவுக் கூட்டத்தில் ஊட்டுக்காரர் சொன்னது’ என்று போட்டிருந்தார்கள். அமிர்தராஜ் உடனே நந்திதாவைப் போனில் கூப்பிட்டார்.

“அத அவன் சொல்லலீங்க. நான் சொன்னது. அமிர்தராஜ்னு திருத்திப் போடுங்க.”

நந்திதா சிரித்தார். இவர் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “போட்டுடறேன் சார்” என்றார்.

அதற்கடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் திருத்தம் வந்தது. அமிர்தராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தேடிப் பிடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். பிழை இல்லை. இதழைப் பட்டறை மேசையில், அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி விரித்து வைத்துவிட்டுக் காயில் சுற்ற உட்கார்ந்தார்.