தேய்த்துக் குளிக்கச் சொன்னது நான்தான்

கிளினிக்கில் கட்டு போடும் அறையில் கஸ்தூரி கையைத் தூக்கிக் காட்டினாள். அக்குள் முழுக்கத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்திருக்கிறாள். வயது பதினாறு.

என்ன காரியம் இது என்று அதட்டினேன். எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும்.

அவள் அம்மா சத்தம் போடாமல் சொன்னார்: "நீங்கதானே மிஸ்ஸி, நல்லா தேச்சுக் குளிக்கச் சொன்னீங்க. ரெண்டு வேளையும் தேய்க்கிறா."

உண்மைதான். மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் வரும் அந்தக் கிளினிக்கில் பதினெட்டு வருஷம் கட்டு போட்ட நர்ஸ் நான்; இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். டாக்டர் கட்டியைக் கீறுவார். நான் சீழ் எடுத்து, சுத்தமாக இரு என்று சொல்லி அனுப்புவேன். இவளுக்கு இது ஐந்தாவது கட்டி. ஒவ்வொன்றையும் புதுக் கட்டியாகவே பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து விசாரித்தேன். தொடையிடுக்கிலும் வருகிறதாம், இரண்டு வருஷமாக. வாடை அடிக்குமென்று பயந்து பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சைக்கு ஒரு வருஷம்கூட இல்லை.

டாக்டரிடம் போய் நின்று, ஈப்போ தோல் நிபுணருக்குக் கடிதம் வாங்கினேன். வயசுப் பிள்ளைக்குத் தோல் வியாதி என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என்னாவது என்று அம்மா தயங்கினார். நான் விடவில்லை. லீவு போட்டு என் காரிலேயே கூட்டிப்போனேன்.

நிபுணர் பார்த்ததுமே பெயர் சொன்னார்: ஹைட்ராடெனிடிஸ். மயிர்க்கால் அடைத்து, உள்ளுக்குள் வீங்கி உடையும் அழற்சி. அழுக்கால் வருவதில்லை, தொற்றாது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், தேய்க்கவே கூடாது. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்றார்.

கஸ்தூரி மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அப்ப நான் சுத்தமாத்தான் இருந்தேனா, டாக்டர்?" என்றாள்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நீ சுத்தமாத்தான் இருந்தேம்மா. தப்பு என்னோடது."

அம்மா அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை.

மறுநாளே பள்ளிக்குப் போனாள் என்று எழுத ஆசைதான். மூன்று மாதம் ஆயிற்று. நடுவில், "குமட்டுதுலா மிஸ்ஸி, போதும்" என்று மாத்திரையை நிறுத்தினாள். வீட்டுக்கே போய், கையோடு அழைத்துவந்து டாக்டரிடம் வேறு மாத்திரை எழுதவைத்தேன். கட்டி இன்னும் வருகிறது, முன்பு போல இல்லை. பள்ளிக்குப் போகிறாள்.

புதிதாக வரும் மிஸ்ஸிகளுக்கு ஒன்று சொல்வேன். அதே இடத்தில் மறுபடி கட்டி வந்தால், கட்டு போடுமுன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள். எத்தனை நாளாக, வேறு எங்கே என்று கேளுங்கள். ஒழுங்காகக் குளிக்கிறாயா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை உங்களைவிட அதிகமாகக் குளித்திருக்கும்.